படி எத்தனை என்று கேளுங்கள்!

சென்ற இதழில் ரயிலுக்குக் கட்டுச் சாதம் கட்டுவது பற்றி எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "சாப்பாட்டுக்கு வழி சொல்லிவிட்டீர்கள். மாமனார் மாமியாரைக் காசிக்கு அழைத்துப் போகப் போகிறோம். எங்கே தங்க வைப்பது? பெரிய ஓட்டலுக்கு வசதியில்லை. கண்ட லாட்ஜில் கொண்டு போய்ப் போடவும் மனசு வரவில்லை" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. ஏனென்றால் இதில் நான் ஒரு தடவை நன்றாகக் கோட்டை விட்டவள்.

2018 நவம்பரில் அத்தையைக் காசிக்கு அழைத்துப் போனோம். அத்தை என்றால் என் மாமியார். அப்போது அவருக்கு வயது 71. முழங்கால் வலி உண்டு, கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. மற்றபடி கும்பகோணத்தில் தினம் கோயிலுக்கு நடந்து போய் வருகிறவர்தான். "காசியில் கங்கை தெரிகிற அறை" என்று படத்தோடு விளம்பரம் பார்த்தேன். வாடகையும் குறைவு. படத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கங்கை, ஒரு படகு. அவ்வளவுதான், மயங்கிவிட்டேன். பணத்தையும் கட்டிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் அறை நாலாவது மாடியில்! கங்கை தெரிய வேண்டுமென்றால் மேலே போகத்தானே வேண்டும்? அது எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். காசியின் பழைய வீட்டுப் படிக்கட்டு எப்படி இருக்கும் தெரியுமா? சுவருக்குள்ளே குடைந்து வைத்தது போல ஒடுக்கம். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. திருப்பத்தில் இருட்டு. அத்தை ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் என் வீட்டுக்காரர் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே போய் உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. கக்கூஸோ அறையிலிருந்து ஏழு படி இறங்கிப் போகிற இடத்தில், குந்தி உட்காருகிற மாதிரி.

அத்தை வாயைத் திறந்து ஒரு குறையும் சொல்லவில்லை. "எனக்கு இங்கேயிருந்தே கங்கை தெரியுதும்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றார். எவ்வளவு பொறுமை என்று நான்கூடப் பெருமைப்பட்டுக் கொண்டேன். நாலாம் நாள் ராத்திரி திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "ரயில் ஏன் நிக்கவே மாட்டேங்குது? மாயவரம் வந்தா சொல்லு" என்றார். உடம்பு கொதித்தது. எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

பக்கத்து அறைப் பையன்கள் இரண்டு பேர் நாற்காலியில் வைத்து அவரைக் கீழே தூக்கி வந்தார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: சிறுநீரில் தொற்று, உடம்பில் தண்ணீரே இல்லை. வயதானவர்களுக்கு இந்தத் தொற்று வந்தால் சில சமயம் இப்படிப் புத்தி தடுமாறிப் பேசுவார்களாம். விசாரித்ததில் வெளியே வந்தது விஷயம். ஏழு படி இறங்கிப் போய்க் குந்தி உட்கார முடியாதே என்று அத்தை நாலு நாளாகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார்! ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்கூடக் குடிக்கவில்லை. வயதானால் தாகமும் அவ்வளவாகத் தெரியாது என்பதால் அவருக்குக் கஷ்டமாகவும் இல்லை.

மூன்று நாள் மருந்தும் ஊசியும் ஆன பிறகு தெளிந்தார். ஊருக்கு வந்ததும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "கங்கையை ஜன்னல்லதான் பாத்தேன். அதுக்கு நம்ம வீட்டுக் காலண்டரே போதும்." நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்குப் புரிந்த பாடத்தைத்தான் சொல்லப் போகிறேன். பெரியவர்களுக்கு இடம் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கங்கையை அல்ல, கக்கூஸை! சிரிக்காதீர்கள். அது அறையோடு சேர்ந்திருக்கிறதா, உட்காருகிற மாதிரியா, தரை வழுக்குமா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வார்த்தையில் சொன்னால் போதாது, செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜன்னலைப் படம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதை எடுக்கத் தெரியாதா? அனுப்பத் தயங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது படி. "எத்தனையாவது மாடி" என்று கேட்டால் "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்தான் மாதாஜி" என்பார்கள். அந்த முதல் மாடிக்கு முப்பது படி இருக்கும், வாசலுக்கே எட்டுப் படி இருக்கும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: "ரிக்ஷா நிற்கிற இடத்திலிருந்து அறைக் கட்டில் வரைக்கும் மொத்தம் எத்தனை படி? சந்துக்குள் எத்தனை நிமிஷம் நடக்க வேண்டும்?" காசியில் இந்தக் கேள்வி மிக முக்கியம். கங்கைக் கரையை ஒட்டிய சந்துகளில் கார் நுழையாது. தசாசுவமேதப் பக்கம் போகிறவர்களுக்குக் கோதௌலியா நாற்சந்தியோடு பெரும்பாலும் வண்டி நின்றுவிடும். அதற்கப்புறம் நடைதான். சந்தில் மாடு படுத்திருக்கும், மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போகும், கல் பாவிய தரை ஈரமாக இருக்கும்.

எந்தப் பக்கம் தங்குவது என்பதிலும் யோசனை வேண்டும். காசியில் 84 படித்துறைகள். தெற்குக் கோடியில் இருப்பது அசி காட். அதற்குக் கிட்டத்தட்ட வண்டியிலேயே வந்துவிடலாம், கரையும் விசாலம். முழங்கால் சரியில்லாதவர்களுக்கு என் ஓட்டு அசிக்குத்தான். விசுவநாதர் கோயிலுக்குக் கொஞ்சம் தூரம் என்றாலும் பேட்டரி ரிக்ஷா கிடைக்கும். ஆனால் பித்ரு காரியம் செய்ய வருகிறவர்களுக்கும், தமிழ்ப் பேச்சு காதில் விழ வேண்டுமே என்பவர்களுக்கும் கேதார் காட், ஹனுமான் காட் பக்கம்தான் சௌகரியம். தலைமுறை தலைமுறையாகத் தென்னாட்டுக்காரர்கள் குடியிருக்கிற இடம். 17-ம் நூற்றாண்டில் குமரகுருபரர் ஏற்படுத்திய மடம் கேதார் காட்டில் இருக்கிறது. பாரதியார் 1898-லிருந்து 1902 வரை அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் ஹனுமான் காட்டில்தான். அங்கே இட்லிக்கும் தயிர் சாதத்துக்கும் அலைய வேண்டாம். ஆனால் கேதார் காட் படிகள் செங்குத்து, ஞாபகம் இருக்கட்டும். இன்னொன்று, பக்கத்திலேயே அரிச்சந்திர காட். அங்கே சிதை எரிந்துகொண்டே இருக்கும். சில பெரியவர்களுக்கு அது மன நிம்மதி. சிலருக்கு ராத்திரித் தூக்கமே போய்விடும். ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த ரகம் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

செலவு குறைய வேண்டுமென்றால் சத்திரத்தை விட்டால் வேறென்ன? கோதௌலியாவுக்குப் பக்கத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 1863-லிருந்து இருக்கிறது. விசுவநாதர் பூஜைக்கான சாமான்கள் தினமும் அங்கிருந்து ஊர்வலமாகப் போவதைப் பார்ப்பதே ஒரு காட்சி. சத்திரம், மடம் எல்லாவற்றிலும் அறை எளிமைதான், ஆனால் பெரியவர்களுக்கு அங்கே மனசு ஒட்டிக்கொள்ளும். பக்கத்து அறையில் திருநெல்வேலிக்காரர், எதிரே காரைக்குடி ஆச்சி என்று பேச்சுத்துணை கிடைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிமுறை இருக்கும். எத்தனை நாள் தங்கலாம், யாருக்கு இடம் தருவார்கள், வாசற்கதவு ராத்திரி எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதை முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். விசுவநாதர் கோயிலைச் சுற்றி 2021-ல் புதிய வளாகம் திறந்தார்கள். அதற்காகப் பழைய சந்துகளும் வீடுகளும் நிறையப் போய்விட்டன. எனவே பத்து வருஷத்துக்கு முன் போனவர்கள் சொல்கிற வழியையும் விடுதியையும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

இரண்டாம் தடவை நாங்கள் போனது 2024 பிப்ரவரியில். அத்தையின் அக்கா, எங்கள் பெரியத்தை, போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். துணைக்கு அத்தையைக் கூப்பிட்டார். அத்தை என்னைப் பார்த்தார். "நீ இடம் பாத்தா நான் வரலை" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். "கீழ்க்கட்டுல அறை கிடைச்சா வர்றேன்" என்றார்.

இந்தத் தடவை ஒரு குடும்பத்தார் தங்கள் பழைய வீட்டிலேயே விருந்தினருக்கு அறை விடுகிற இடமாகப் பிடித்தேன். அசியிலிருந்து உள்ளே மூன்று நிமிஷ நடை. நாள் வாடகை 1,800 ரூபாய், காலை ஆகாரத்தோடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நம் ஊர் நாலுகட்டு வீடு மாதிரியே. சுற்றிலும் தாழ்வாரம், துளசி மாடம். குரங்குக்காக முற்றத்துக்கு மேலே இரும்பு வலை. வாசலில் மூன்றே படி. ஆனால் நிலைப்படி உயரம், கதவு குள்ளம். பெரியத்தை முதல் நாளே தலையில் இடித்துக்கொண்டார். உடனே ஒரு சிவப்புக் கைக்குட்டையை நிலையில் கட்டித் தொங்கவிட்டேன்.

கீழ்க்கட்டு அறையில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குளிர் காலத்தில் கல்தரை பனிக்கட்டிதான். டிசம்பர், ஜனவரியில் காசியில் பனிமூட்டமும் அதிகம், ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். நாங்கள் போன பிப்ரவரியிலேயே விடியற்காலையில் நடுங்கியது. ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை, ஒரு சின்னக் கோரைப்பாய், ராத்திரிக்கு எரிய ஒரு சிறு விளக்கு, குளிக்கும்போது உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி. பாயும் விளக்கும் ஊரிலிருந்து எடுத்துப் போனோம், முக்காலியை அங்கேயே வாங்கினோம். கட்டில் உயரமாக இருந்தால் இறங்கும்போது விழுவார்கள். உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும். எங்கள் அறையில் இரண்டு மெத்தை அடுக்கியிருந்தார்கள், ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன். வெந்நீர் போடுகிற கீஸர் சின்னது. ஒரு ஆள் குளித்தால் தீர்ந்துவிடும். வரிசை வைத்துக்கொண்டோம்.

தண்ணீர்க் கணக்கு மட்டும் என் பொறுப்பு. காலையில் ஆளுக்கு ஒரு லிட்டர் புட்டியை நிரப்பிப் பெயர் எழுதி வைத்துவிடுவேன். சாயங்காலம் அது காலியாக இருக்க வேண்டும். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி நடத்துறா" என்று பெரியத்தை முணுமுணுத்தார். அத்தை ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

அறையிலிருந்து கங்கை தெரியவில்லை. அதற்கென்ன? தினம் காலையில் அத்தையே நடந்து போய் முழுக்குப் போட்டார், ஒரு கையில் நான், ஒரு கையில் இவர். மத்தியானம் முற்றத்து வெயிலில் அந்த வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரிப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது. இரண்டு பேரும் முழங்காலைத் தொட்டுக் காட்டி அரை மணி நேரம் பேசுவார்கள்! ஐந்தாம் நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, டிக்கெட்டை ரெண்டு நாள் தள்ளிப் போட முடியுமா?" ரத்துக் கட்டணத்தைப் பார்த்து இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தள்ளித்தான் போட்டோம்.

கடிதம் போட்ட சகோதரிக்கு ஒரு வார்த்தை: எந்த மாதம் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆடி, ஆவணி என்றால் வேண்டாம், தள்ளிப் போடுங்கள். கங்கை பெருகிப் படித்துறைகள் முழுகிக் கிடக்கும், படகும் விடமாட்டார்கள். தீபாவளி கழித்து வருகிற கார்த்திகைப் பௌர்ணமிக்குத் தேவ தீபாவளி என்று கரை முழுக்க விளக்கேற்றுவார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும்தான், ஆனால் அந்த வாரம் அறை வாடகை பல மடங்கு ஏறும், கூட்டத்தில் பெரியவர்களை நிறுத்த இடம் இருக்காது. அது முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள். மாமியாருக்கு முழங்கால் எப்படி என்பதையும் எழுதுங்கள்.