புள்ளிப்பட்டியலின் கீழ்ப்பாதி

இணையக் கால்பந்து லீக் நடத்துபவர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியே போகிறது. எந்தப் பதிப்பு நல்லது, எந்த ஃபார்மேஷனுக்கு எஞ்சின் அளவுக்கு மீறிச் சாதகம் செய்கிறது, டிரான்ஸ்பர் தொகைக்கு உச்சவரம்பு வேண்டுமா, வேண்டாமா. தேவையான கேள்விகள்தான். ஆனால் எஞ்சின் சரியில்லை என்பதற்காக மூடப்பட்ட லீக்குகள் குறைவு. சீசனின் நடுவில், 14-ஆம் இடத்தில் இருக்கும் மேனேஜர் ஒருவர் அணிப்பட்டியல் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். சரிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் வாரம் அவருடைய பழைய பட்டியலை வைத்தே ஆட்டத்தை ஓட்டுகிறோம். அடுத்த வாரம் காயம்பட்ட சென்டர் பேக்கின் இடத்தில் எஞ்சின் யாரையோ நிறுத்துகிறது. அதற்கடுத்த வாரம் எதிரணி ஐந்து கோல் போடுகிறது. போட்டவருக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை. ஆளில்லாத கிளப்பைத்தான் வென்றோம் என்று அவருக்கே தெரியும். பட்டத்துக்குப் போட்டியிடும் இருவரில் ஒருவர் அந்த கிளப்போடு மேனேஜர் இருந்த காலத்தில் மோதி டிரா செய்திருப்பார். மற்றவர் அவர் போன பிறகு மோதி மூன்று புள்ளியையும் அள்ளியிருப்பார். சாம்பியன் பட்டத்தின் மதிப்பே கேள்விக்குள்ளாகிறது. கீழே பிடித்த நோய் மேலே ஏறிவிடுகிறது.

நம் துறையில் நெடுங்காலமாக நிற்கும் ஹாட்ரிக் இதற்கு நல்ல பாடம். 1997-இல் ஸ்வீடனில் தொடங்கிய அந்த விளையாட்டில் ஒரு பிரிவுக்கு 8 அணிகள்தான். 14 லீக் ஆட்டங்கள். சீசன் 16 வாரத்தில் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். பெரும்பாலான பிரிவுகளில் 7, 8-ஆம் இடங்கள் நேராகக் கீழிறங்கும்; 5, 6-ஆம் இடங்கள் தகுதி ஆட்டம் ஆடித்தான் தப்பிக்க வேண்டும். அதாவது, கீழ்ப்பாதி முழுவதுக்கும் கடைசி வாரம் வரை வேலை இருக்கிறது. முக்கியக் கோப்பையில் தோற்று வெளியேறுபவர்களுக்கு எமரால்டு, ரூபி, சஃபையர் என்று துணைக் கோப்பைகளும் உண்டு. தோற்றவரின் வாரநடு மாலையும் காலியாக விடப்படுவதில்லை. 20 கிளப், 38 சுற்று என்று இங்கிலாந்தை அப்படியே பெயர்த்து வைக்கும் நம் லீக்குகள் இதை யோசிக்க வேண்டும். 38 சுற்றில் பத்தாவது சுற்றிலேயே நம்பிக்கை இழந்தவர் இன்னும் 28 சுற்றுக்குப் பட்டியல் அனுப்ப வேண்டியிருக்கிறது. 12 கிளப்பும் 22 சுற்றும் வைத்தால், வாரத்துக்கு இரண்டு சுற்று வீதம் 11 வாரத்தில் புதுக் கணக்கு எழுதலாம்.

இங்கிலாந்தே இந்தச் சிக்கலைச் சந்தித்து வழி தேடியிருக்கிறது. சீசனின் கடைசி வாரங்களில் பயனற்ற ஆட்டங்கள் குவிவதைக் குறைக்க 1986–87 சீசனில் ஃபுட்பால் லீக் பிளே-ஆஃப் முறையைக் கொண்டுவந்தது. நேரடி உயர்வுக்கு எட்டாத அணிகளுக்கும் ஒரு கதவு திறந்தது. 2009–10-இல் இரண்டாம் பிரிவில் 6-ஆவதாக முடித்த பிளாக்பூல் அந்தக் கதவு வழியாகத்தான் பிரீமியர் லீக்கில் நுழைந்தது. கோப்பையின் மகிமை இன்னும் பெரிது. 2013 மே 11 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் 90 நிமிடம் முடிந்து இஞ்சுரி டைமில் பென் வாட்சன் தலையால் முட்டிய ஒரே கோலில் மான்செஸ்டர் சிட்டியை விகன் அத்லெட்டிக் வீழ்த்தியது. மூன்றே நாளில் அதே விகன் பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. அந்த சீசனை விகன் ரசிகர் எவரும் வீணான சீசன் என்று சொல்லமாட்டார். நம் லீக்கில் 18-ஆம் இடத்துக்காரருக்கும் அப்படியொரு மாலை வாய்க்க வழி வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி. கோப்பைக் குலுக்கலில் பெரிய கிளப்புகளை ஒன்றோடொன்று மோதவிடாமல் பிரித்து வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. குலுக்கல் குலுக்கலாகவே இருக்கட்டும்.

கடைசி இடத்துக்கு முதல் தேர்வு என்னும் டிராஃப்ட் முறையைப் பல லீக்குகள் இப்போது கையாள்கின்றன. அமெரிக்காவின் என்.எஃப்.எல். 1936 முதல் நடத்திவரும் முறை அது. நல்ல நோக்கம்தான். ஆனால் தோற்பதற்கே பரிசு என்றாகிவிட்டால் சிலர் தோற்கவே ஆடுவார்கள். அந்தச் சந்தேகம் வலுத்ததால்தான் அங்குள்ள கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 1985-இல் முதல் தேர்வைக் குலுக்கலுக்கு மாற்றியது. கடைசி நான்கைந்து கிளப்புகளுக்குள் சீட்டுக் குலுக்குவதே நமக்கும் ஏற்றது. முற்பாதியைவிடப் பிற்பாதியில் அதிகம் புள்ளி எடுத்த கிளப்புக்கும், 19 வயதுக்கு உட்பட்டவர்களை அதிகம் ஆடவைத்த கிளப்புக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். இடம் எதுவானாலும் ஒருவருக்கு அந்த வாரம் முயன்று பார்க்க ஏதாவது கிடைக்கும்.

வாராந்தர ஆட்டக் குறிப்பு எழுதும் அட்மின்கள் அதிலும் மாற்றம் செய்யலாம். முதல் மூன்று இடங்களைப் பற்றி எழுத யாரும் நினைவூட்டத் தேவையில்லை, அவர்களே பேசிக்கொள்வார்கள். நான்கு ஆட்டம் தோற்றவர் ஐந்தாவதில் இடது பக்கம் புதிய பையனை இறக்கிப் பார்த்தார், 70 நிமிடம் வரை ஈடுகொடுத்தார் என்று இரண்டு வரி எழுதுங்கள். தன் ஆட்டத்தை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று தெரிந்தவர் அடுத்த பட்டியலை அனுப்புவார்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் போகத்தான் செய்வார்கள். வேலை மாறும், குழந்தை பிறக்கும், தேர்வு வரும். போகிறவரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். ஆனால் போகும் வாரத்தில் நல்ல ஆட்டக்காரர்களை நண்பருக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு இடம் தரக்கூடாது. தொடர்ந்து இரண்டு சுற்று பட்டியல் வராத கிளப்பின் டிரான்ஸ்பர்களை நிறுத்தி வையுங்கள். காத்திருப்போர் பட்டியல் எப்போதும் கையில் இருக்கட்டும். பாழான கிளப்பை ஏற்கும் புதியவருக்குக் கொஞ்சம் பணமும், முதல் சீசனில் இறங்கினாலும் பதவி போகாது என்ற உறுதியும் கொடுங்கள்.

அட்மினுக்கும் இதே விதி பொருந்தும். அறிவித்த நேரத்தில் ஆட்டம் ஓடாத லீக்கில் யாரும் நேரத்துக்குப் பட்டியல் அனுப்பமாட்டார்கள். சேவ் கோப்பும் ஓட்டும் உரிமையும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும்.

அடுத்த சுற்றை ஓட்டுவதற்கு முன் உங்கள் புள்ளிப்பட்டியலைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பாருங்கள். கடைசி ஐந்து மேனேஜர்களுக்கும், அறிவிப்பாக இல்லாமல், பெயர் சொல்லித் தனித்தனியே எழுதுங்கள். அணியைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு நாளாகியும் பதில் வராத கிளப்புக்கு மாற்று ஆள் தேடத் தொடங்கிவிடுங்கள்.