அகஸ்தீஸ்வரத்துக்குப் போன சினிமா நிருபர்

தமிழ்நாடு–கேரள எல்லையோரத்தில் எந்தச் செய்திக்கும் முதல் கேள்வி இடம் பற்றியதுதான். எந்தக் காவல் நிலையம்? எந்தப் பதிப்பு? 2022 அக்டோபரில் பாறசாலையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது தமிழ்நாட்டுப் பக்கத்தில். அவர் உயிர் பிரிந்தது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில். வழக்கை எந்த மாநிலம் நடத்துவது என்பதற்கே சட்ட ஆலோசனை தேவைப்பட்டது. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குற்றச் செய்திக்கு இப்படி ஒரு நீதிமன்றமாவது எல்லையைத் தீர்த்துவைக்கிறது. பனச்சமூட்டிலும் வெள்ளறடையிலும் களியக்காவிளையிலும் வாழும் கலைஞர்களின் கதைக்கு அப்படி யாரும் இல்லை.

அந்தக் கதையை எழுதிக் காக்க வேண்டியவர் பத்திரிகையாளர். பத்திரிகையாளர் என்றதும் இந்த வட்டாரம் நினைப்பது நெய்யாற்றின்கரையில் பிறந்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையை. திருவிதாங்கூர் திவானை எதிர்த்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதலாகி, அவர் திருநெல்வேலிப் பக்கம் நாடு கடத்தப்பட்டார். அவருக்குச் சிலை உண்டு, தகும். சினிமா எழுதும் செய்தியாளருக்கு அந்த மரியாதையில் கால்பங்குகூடக் கிடைப்பதில்லை. அது பொழுதுபோக்குப் பக்கமாம். சினிமா நிருபர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் செய்த வேலையைப் பார்த்தால் இந்தத் தரம்பிரிப்பு நிற்காது.

மலையாள சினிமாவின் வரலாறு 1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் தயாரித்த ‘பாலன்’ என்ற பேசும்படத்திலிருந்தே தொடங்கியதாக நெடுங்காலம் கொண்டாடப்பட்டது. அதற்கு முன்பே ஜே.சி. டேனியல் என்பவர் நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, ‘விகதகுமாரன்’ என்ற மௌனப்படம் எடுத்திருந்தார். கடனில் மூழ்கி, ஸ்டுடியோவை மூடி, பல் மருத்துவராகிப் பிழைத்தார். முதுமையில் அகஸ்தீஸ்வரத்தில் இருந்த அவரைத் தேடிப் போய், கேட்டு, எழுதி, மறுபடி மறுபடி எழுதியவர் சேலங்காட்டு.

1956இல் மாநில எல்லைகள் மாற்றப்பட்டபோது அகஸ்தீஸ்வரம் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நலிந்த கலைஞருக்கான உதவித்தொகையை டேனியலுக்குக் கேட்டபோது, அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று கேரளத்தில் கை விரித்தார்கள். 1975இல் அவர் இறந்தார். கேரள அரசின் மிக உயர்ந்த திரைவிருது 1992 முதல் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. 2013இல் மலையாள இயக்குநர் கமல் எடுத்த ‘செல்லுலாய்ட்’ படத்தில் டேனியலாகப் பிருத்விராஜும் சேலங்காட்டாக ஸ்ரீனிவாசனும் நடித்தார்கள். உயிரோடிருந்தவருக்கு மறுத்துவிட்டு, இறந்தபின் கொடுத்த பெருமை இது. அதுவும் ஒரு சினிமா நிருபரின் பிடிவாதத்தால் வந்தது.

‘விகதகுமாரன்’ நாயகி பி.கே. ரோசிக்கு அப்படித் தேடி வந்த நிருபரும் வாய்க்கவில்லை. ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் கேபிடல் திரையரங்கில் திரைமீது கல்லெறிந்தார்கள். அவர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. நாகர்கோவில் பக்கம் தமிழ்ப் பெண்ணாகவே வாழ்ந்தார் என்று பிற்காலத்தில் திரட்டிய தகவல்கள் சொல்கின்றன. அவரிடமே கேட்டு எழுதிய பேட்டி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. படத்தின் பிரதியும் இல்லை. அது வெளியான ஆண்டு 1928ஆ, 1930ஆ என்பதில்கூட ஆய்வாளர்களிடையே சச்சரவு உண்டு.

இன்றைக்கும் எல்லையோரத்துப் பகுதிநேர நிருபருக்கு அச்சான செய்திக்குத்தான் காசு. விபத்தும் திருவிழாக் கொடியேற்றமும் அச்சாகும். ஊர் ஊராக மேடையேறிய நாடக நடிகரையோ, மூடிவிட்ட கொட்டகையின் ஆப்பரேட்டரையோ தேடி அடுத்த மாநிலத்துக்குள் பத்து கிலோமீட்டர் போனால், அது இவருடைய ஏரியா இல்லை என்று டெஸ்க்கில் சொல்லிவிடலாம். திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் பதிப்பு நடத்தும் நாளிதழ்கள் இதை மாற்ற முடியும். எல்லை தாண்டி எழுதவும், ஒரே செய்தியை இரு மொழியிலும் தரவும், அதற்குப் பயணப்படி பெறவும் அந்த நிருபருக்கு உரிமை தர வேண்டும். கட்டுரைக்கு மேலே அவர் பெயரையும் போட வேண்டும்.