டாக்டரின் மனநோய்: நாட்டுக்கு நாடு மாறும் அச்சம்

அமெரிக்காவில் மருத்துவர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர்களிடம் பல மாநிலங்கள் நெடுங்காலமாக ஒரு கேள்வியைக் கேட்டுவந்திருக்கின்றன: எப்போதாவது மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டது உண்டா? 'ஆம்' என்று எழுதிவிட்டால் அதற்கு விளக்கம் தர வேண்டும். மேயோ கிளினிக்கின் மருத்துவ இதழில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 40 சதவீத மருத்துவர்கள் உரிமத்துக்குச் சிக்கல் வரும் என்பதாலேயே மனநலச் சிகிச்சைக்குப் போகத் தயங்குவதாகச் சொன்னார்கள்.

நியூயார்க்கின் அவசரச் சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கோவிட் முதல் அலையின்போது தன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். தொற்றுக்கு ஆளாகித் தேறியதும் மீண்டும் பணிக்குப் போனார். மனநலச் சிகிச்சை பெற்றது வெளியே தெரிந்தால் உரிமம் பறிபோகும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் பின்னர் கூறினார்கள். நியூயார்க் மாநில விண்ணப்பத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. ஆனாலும் அந்த அச்சம் அவரை விடவில்லை. விதி இல்லாத இடத்திலும் தொழிலின் பழக்கம் விதியைப் போலவே ஆளை மிரட்டும் என்பதற்கு அவர் கதை சான்று.

அவர் பெயரால் 2022 மார்ச்சில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கு அது நிதி ஒதுக்குகிறது. உரிம விண்ணப்பங்களில் உள்ள பழைய கேள்விகளை நீக்கும் முயற்சியும் மாநிலம் மாநிலமாக நடக்கிறது. தனிமனிதரின் தொழில் வாழ்க்கையே எல்லாமாக இருக்கும் சமூகத்தில், மருத்துவரின் பயம் உரிமத்தைச் சுற்றியே எழுந்தது. எனவே தீர்வையும் அவர்கள் உரிமத்திலிருந்தே தொடங்கினார்கள்.

ஜப்பானில் பயத்தின் முகம் வேறு. கோபே நகரில் 2022-ல் 26 வயதுப் பயிற்சி மருத்துவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மட்டும் அவர் 200 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை பார்த்திருந்தார். சுமார் மூன்று மாதங்களாக ஒரு நாள்கூட விடுப்பு எடுத்திருக்கவில்லை. மிதமிஞ்சிய வேலைப்பளுவே காரணம் என்று அரசின் தொழிலாளர் துறை 2023-ல் ஏற்றுக்கொண்டது. மருத்துவமனை அதை ஏற்கவில்லை. அந்தக் கூடுதல் நேரத்தில் ஒரு பகுதி, மருத்துவர் தானாக முன்வந்து கற்றுக்கொண்ட நேரம் என்பது அதன் வாதம்.

அந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு பண்பாடே நிற்கிறது. குழு உழைக்கும்போது ஒருவர் மட்டும் 'என்னால் முடியவில்லை' என்றால், அவர் விட்ட வேலை சக ஊழியர் தலையில் விழும். மற்றவருக்குத் தொல்லை தரக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே பழக்கப்பட்டவர் அதனால் வாய் திறப்பதில்லை. 2024 ஏப்ரலில்தான் ஜப்பான் மருத்துவர்களின் கூடுதல் பணி நேரத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது: பொதுவாக ஆண்டுக்கு 960 மணி நேரம், விதிவிலக்காகச் சில பிரிவுகளில் 1,860 மணி நேரம். விதிவிலக்கின் அளவைப் பார்த்தாலே பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது புரியும்.

மனநோய் பற்றிய வெட்கம் எல்லா நாட்டு மருத்துவர்களிடமும் இருக்கிறது. ஆனால், நோய் வெளியே தெரிந்தால் எதை இழப்போம் என்பதை அந்தந்தச் சமூகமே அவர்களுக்குச் சொல்லித் தருகிறது. அமெரிக்கருக்கு உரிமம், ஜப்பானியருக்குக் குழுவில் உள்ள இடம். நம் ஊர் டாக்டர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று கேட்காமல் வெளிநாட்டுத் திட்டங்களை அப்படியே கொண்டுவந்து பயனில்லை.

நம் ஊரில் ஒருவர் தனியாக டாக்டர் ஆவதில்லை. குடும்பமே சேர்ந்து அவரை டாக்டர் ஆக்குகிறது. அப்பா நிலத்தை விற்றிருப்பார், அம்மாவின் நகை வங்கியில் இருக்கும், தம்பி தங்கையின் படிப்புச் செலவு தள்ளிப்போயிருக்கும். பட்டம் வந்ததும் தெருவில் அது 'டாக்டர் வீடு' ஆகிவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு மனச்சோர்வு வந்தால், அதை ஒப்புக்கொள்வது தன் ஒருவருடைய விஷயமாக அவருக்குத் தெரிவதில்லை. வீட்டின் பெயரையே கெடுப்பதாக நினைக்கிறார். கல்யாணப் பேச்சு வேறு நெருங்கிக்கொண்டிருக்கும். தனக்கு வரன் அமையாமல் போவதோடு தங்கைக்கும் அமையாது என்ற கவலை சேர்ந்துகொள்கிறது. சட்டமும் அந்தக் கவலைக்கு இடம் வைத்திருக்கிறது: 1955-ம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி மனநோயைக் காட்டி விவாகரத்து கோரலாம். வலிப்பு நோயை அந்தச் சட்டத்தின் திருமணத் தடைகளிலிருந்து 1999-ல் நீக்கினார்கள். மனநோய்க்கு அந்த விடுதலை இன்னும் கிடைக்கவில்லை.

மருத்துவமனைக்குள் இதோடு வேறொன்றும் சேர்கிறது. 'நாங்கல்லாம் 36 மணி நேரம் தொடர்ந்து நின்னு பார்த்தோம்' என்று சீனியர்கள் பெருமையாகச் சொல்லும் இடத்தில், தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது என்று ஒரு ஜூனியர் எப்படிச் சொல்வார்? எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வு இல்லை. பொது மருத்துவத்தோடு சேர்ந்து வருகிறது. தனித் தேர்வு இல்லாத பாடத்தை மாணவர் எவ்வளவு மதிப்பார் என்பது கல்லூரிக்குப் போன எல்லோருக்கும் தெரியும். சினிமாவிலும் பேச்சிலும் 'கீழ்ப்பாக்கம்' என்பதை வசைச்சொல்லாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்கிறது. அந்தக் கேலியைக் கழற்றி வைக்கப் படிப்பு அதற்குக் கற்றுக்கொடுப்பதில்லை.

விளைவைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் அளித்த அறிக்கையில் பார்க்கலாம். இணையவழிக் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பங்கேற்றார்கள். மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டறியப்பட்டது என்று சொன்னவர்கள் இளநிலையில் 27.8 சதவீதம், முதுநிலையில் 15.3 சதவீதம். முந்தைய ஓராண்டில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்களோ இளநிலையில் 16.2 சதவீதம், முதுநிலையில் 31.2 சதவீதம்.

முதுநிலை மாணவர்களின் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நோய் கண்டறியப்பட்டவர்களைப் போல இரண்டு மடங்குப் பேருக்குச் சாகும் எண்ணம் வந்திருக்கிறது. அவர்களில் பலர் யாரிடமும் போய்க் காட்டிக்கொள்ளவில்லை என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. மருந்தும் மருத்துவரும் ஒரு மாடி தள்ளி இருக்கும் இடத்திலேயே இந்த நிலை.

செவிலியர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. தொகுப்பூதியத்தில் பணிபுரியும் செவிலியருக்கு உரிமம் பற்றிய பயத்தைவிட, வேலை நிரந்தரம் ஆகாமல் போகும் பயமே பெரிது. அவர்களுக்கென்று தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துவது அரசின் கடமை.

குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் எதுவும் மாறாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950-களின் பிற்பகுதியிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்துச் சிகிச்சை அளித்துவருகிறது. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து அடைப்பதே உலகெங்கும் வழக்கமாக இருந்த காலத்தில் தொடங்கிய முறை அது. நோயை மறைக்கச் சொல்லும் அதே குடும்பம், விஷயம் புரிந்தால் வார்டில் கூடவே தங்கிச் சோறூட்டவும் செய்யும் என்பதை இந்த மண்ணே காட்டியிருக்கிறது.

சிகிச்சையின் ரகசியத்தைக் காக்க இங்கிலாந்திடம் பாடம் கேட்கலாம். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மனநல மருத்துவர் தக்ஷா எம்சன் 2000 அக்டோபரில் நோயின் தீவிரத்தில் தன் கைக்குழந்தையோடு உயிரிழந்தார். வேலை போய்விடும் என்று அஞ்சித் தன் இருமுனைக் கோளாற்றை அவர் சக மருத்துவர்களிடம் மறைத்துவந்தார். அந்த மரணம் குறித்த விசாரணை பலரை உலுக்கியது. மருத்துவர்கள் நேரடியாக, ரகசியமாக வந்து சிகிச்சை பெறும் சேவை 2008-ல் லண்டனில் கிளேர் ஜெராடா தலைமையில் தொடங்கியது. பிறகு இங்கிலாந்து முழுவதற்கும் விரிந்தது.

தமிழ்நாட்டில் அடித்தளம் இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களை மாநில அரசு தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 செயல்பாட்டுக்கு வந்தது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் தான் படிக்கும் கல்லூரியிலேயே, தனக்கு மதிப்பெண் போடும் பேராசிரியரின் துறையில், ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார எந்த மாணவரும் முன்வர மாட்டார். மதுரை மாணவரைத் திருநெல்வேலியிலும் திருநெல்வேலி மாணவரை மதுரையிலும் பார்க்க வழி செய்ய வேண்டும். பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசு சொன்னது 1992-ல். பணிக்குழு 2024-ல் 74 மணி நேரத்தை உச்சவரம்பாகப் பரிந்துரைத்திருக்கிறது. அதையாவது வருகைப் பதிவேட்டில் பார்க்கும்படி அமல்படுத்த வேண்டும்.

சேர்க்கை முடிந்து முதல் வாரத்தில் பல மருத்துவக் கல்லூரிகள் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகின்றன. கட்டணம், விடுதி, ராகிங் எல்லாம் அங்கே பேசப்படுகிறது. மனநல மருத்துவர் ஒருவர் அதே மேடையில் அரை மணி நேரம் பேசட்டும். பிள்ளை போனில் பேசுவது குறைந்தால், ஊருக்கு வருவதைத் தட்டிக்கழித்தால் என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று சொல்லட்டும். சிகிச்சை எடுத்துக்கொண்டு மீண்டு வந்த மூத்த மருத்துவர் ஒருவர் விரும்பி முன்வந்தால் அவரும் பக்கத்தில் உட்காரட்டும். இதற்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். வரும் சேர்க்கைக்கு முன்பே அது கல்லூரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.