ராஜ ரத்தத்தின் யோக்கியதை

வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. கண்டி ராஜ்யத்தின் கடைசி ராஜாவான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடைய சமாதி அங்கேதான் உள்ளது. இந்த ராஜாவின் பெயரைச் சொல்லி, "இலங்கையை ஆண்ட கடைசித் தமிழ் ராஜா" என்று நம்மவர்கள் சிலர் மார்தட்டிக்கொள்ளுகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலோ, அந்நிய ரத்தம், ஆகவேதான் கொடுங்கோலன் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இரு கூட்டத்தாரும் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பதாகத் தோன்றினாலும் உண்மையில் இருவர் பேச்சும் ஒன்றேயாகும். அதாவது, ஒருவன் என்ன செய்தான் என்பதைவிட யாருக்குப் பிறந்தான் என்பதே பெரிது என்பதாகும். கண்டி ராஜ்யத்தைத் தொலைத்ததே இந்தப் பேச்சுத்தான் என்று நாம் சொல்லுகிறோம்.

மதுரை நாயக்கர் வீட்டுப் பிள்ளை கண்டி மலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான் தெரியுமா? கண்டிச் சிங்காதனத்தில் உட்காருகிறவன் சூரிய வம்சத்து க்ஷத்திரியனாய் இருக்கவேண்டுமாம். ராணியும் அப்படியே இருக்கவேண்டுமாம். அந்த மலைநாட்டுப் பிரபுக்கள் எவ்வளவு பணக்காரராய் இருந்தாலும் அவர்கள் வீட்டுப் பெண் ராணியாகிவிட முடியாது. ஆகையால் மதுரையிலிருந்து நாயக்கர் பெண்களைக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். இக்கரையில் பார்ப்பனர் சாஸ்திரப்படி நாயக்கர்கள் நாலாம் ஜாதி. அக்கரையில் கால் வைத்ததும் சூரிய வம்சம்! உப்புத் தண்ணீருக்கு அவ்வளவு மகிமை போலும். நிற்க, கடைசித் தமிழ் ராஜா என்கிறார்களே, அவர்கள் வீட்டுப் பாஷை தெலுங்கு.

1739-ல் நரேந்திரசிங்கன் இறந்தான். மதுரை ராணிக்குப் பிள்ளையில்லை. ஆனால் சிங்களப் பிரபு குலத்துப் பெண்ணிடத்தில் அவனுக்கு உனம்புவை என்ற ஒரு மகன் இருந்தான். சொந்த மகன் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது, தாய் க்ஷத்திரியப் பெண் அல்ல என்று சொல்லி அவனைத் தள்ளிவிட்டு, ராணியின் தம்பியைக் கூப்பிட்டு முடி சூட்டினார்கள். நாயக்கர் ஆட்சி பிறந்தது இப்படித்தான். வாளைக் கொண்டு பிடித்ததல்ல. பிரபுக்களும் பிக்ஷுக்களும் தாங்களே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது. கொடுத்தவர்களே பிறகு "அந்நியன், அந்நியன்" என்று அலறினார்கள்.

இந்த வம்சத்தில் இரண்டாவதாக வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753-ல் சயாமிலிருந்து பிக்ஷுக்களை வரவழைத்துப் புத்த மதத்தைச் சீர்ப்படுத்தினானாம். சீர்ப்படுத்திய லட்சணம் என்னவென்றால், கொய்கம ஜாதியாருக்கு மாத்திரமே உயர்ந்த தீக்ஷை என்று ஏற்பட்டதுதான். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்ற புத்தர் பேரால் இது நடந்தது! மற்ற ஜாதிக்காரர்கள் 1800-ல் பர்மாவிலுள்ள அமரபுரத்துக்குக் கப்பலேறிப் போய்த் தீக்ஷை வாங்கிவர வேண்டியதாயிற்று. சயாம் நிகாயத்தில் அந்த ஜாதிக் கட்டுப்பாடு இன்றைக்கும் தொலைந்தபாடில்லை. இவ்வளவும் செய்த ராஜாவைப் பிக்ஷுக்கள் மெச்சிக்கொண்டார்களா? அவன் திருநீறு பூசுகிறான் என்று குற்றம் சொல்லி, 1760-ல் பிரபுக்களோடு சேர்ந்து அவனைக் கொல்லவே சதி செய்தார்கள்.

இனி நம்முடைய கடைசி ராஜாவுக்கு வருவோம். இயற்பெயர் கண்ணுசாமி. 1798-ல் பதினெட்டு வயதில் அவனை உட்காரவைத்தவன் பிலிமத்தலாவை என்னும் அதிகார். பையன் பொம்மையாக இருப்பான், கயிறு தன் கையிலிருக்கும் என்பது கணக்கு. அடுத்த வருஷமே அந்த அதிகார் ஆங்கிலக் கவர்னரிடம் ரகசியப் பேரம் பேசினான். 1803-ல் ஆங்கிலேயர் படையெடுத்து, இறந்துபோன ராஜாவின் மைத்துனன் முத்துசாமியைக் கண்டியில் ராஜா ஆக்கினார்கள். சில மாதங்களுக்குள் அவர்களுடைய படை சரணடைந்தது. முத்துசாமி கண்டியார் கையில் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். ராஜ ரத்தம் ராஜ ரத்தத்துக்குக் காட்டிய தயவு இது.

கண்டிக்குப் போகிறவர்கள் பார்த்துப் பூரிக்கிற அந்த அழகிய ஏரி இந்த ராஜா வெட்டியது; 1812-ல் முடிந்தது. 'வெட்டியது' என்றால் ராஜா மண்வெட்டி பிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். ராஜகாரியம் என்ற பெயரால் குடிகளைப் பிடித்துவந்து கூலியில்லாமல் வேலை வாங்கி வெட்டியது.

1814-ல் எகலப்பொலை என்ற பிரபு கலகம் செய்து ஆங்கிலேயரிடம் ஓடிப்போனான். ஓடினவன் அகப்படவில்லை. அவனுடைய மனைவியும் குழந்தைகளும் கண்டியில் அகப்பட்டார்கள். குழந்தைகளின் தலை வெட்டப்பட்டது. தாயைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றார்கள். அந்தக் குழந்தைகள் செய்த குற்றம் என்ன? அந்தத் தகப்பனுக்குப் பிறந்தது ஒன்றுதான். யாருக்குப் பிறந்தான் என்பதற்காக ஒருவனுக்குக் கிரீடம் சூட்டலாமென்றால், யாருக்குப் பிறந்தான் என்பதற்காக இன்னொருவன் கழுத்தை ஏன் வெட்டக்கூடாது? கிரீடத்தை ஒத்துக்கொண்டவர்கள் கத்தியைக் கண்டு அழுது என்ன பிரயோஜனம்?

1815 பிப்ரவரி 18-ந் தேதி ராஜா மலையில் ஒளிந்திருந்த இடத்தில் பிடிபட்டான். பிடித்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அல்லர், எகலப்பொலை பக்கத்து ஆட்கள்தான். மார்ச் 2-ந் தேதி பிரபுக்கள் ராஜ்யத்தை ஆங்கில ராஜாவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதிலும் ரத்தப் பேச்சுதான்: 'மலபார்' வம்சத்துக்குக் கண்டியில் இனி எந்தப் பாத்தியமும் இல்லை, அவ்வம்சத்து ஆண்கள் உள்ளே நுழைந்தால் மரண தண்டனை என்று ஷரத்து. சரி, இரண்டே வருஷத்தில் நடந்ததைக் கேளுங்கள். வெள்ளைக்காரன் சுகம் தெரிந்து 1817-ல் ஜனங்கள் கிளம்பியபோது, முன்னால் பிக்ஷுவாயிருந்த வில்பாவை என்பவன் தலைவனாய் வந்தான். தன்னை யார் என்று சொல்லிக்கொண்டான் தெரியுமா? நாயக்கர் வம்சத்துத் துரைசாமி என்று! எந்த வம்சம் வந்தால் கொல்லுவோம் என்று கையெழுத்துப் போட்டார்களோ, அந்த வம்சத்தின் பெயர் இல்லாமல் கலகம் செய்யக்கூட ஆள் சேரவில்லை. ராஜாவாகிவிடலாம் என்றிருந்த எகலப்பொலை மொரீஷியஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1829-ல் அங்கேயே செத்தான்.

ராஜா 1816-ல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, சர்க்கார் கொடுத்த பணத்தில் ராணிகளோடும் பரிவாரத்தோடும் கோட்டைக்குள் வாழ்ந்து, 1832 ஜனவரி 30-ந் தேதி இறந்தான். அந்த 1832-லேதான் இலங்கையில் ராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. வெள்ளைக்காரனுக்குக் குடிகள்மேல் பொங்கிய கருணை மாத்திரம் இதற்குக் காரணமல்ல. தோட்டத்துக்குக் கூலியாள் தேவை என்ற கணக்கும் அதில் இருந்தது.

அந்தத் தேவைக்கு அதே கண்டி மலைகளில் ஏறினவர்கள் யார்? திருச்சி, சேலம், ராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களின் ஏழைத் தமிழர்கள். காட்டை வெட்டிக் காப்பியும் பிறகு தேயிலையும் போட்டார்கள். 1948-ல் இலங்கை சர்க்கார் பிரஜா உரிமைச் சட்டம் செய்து அவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி, "உன் தகப்பன் எங்கே பிறந்தான்? பாட்டன் எங்கே பிறந்தான்?" என்பதே. காகிதம் காட்ட முடியாத லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964-ல் இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று மாடு பிரிப்பதுபோல் பிரித்து, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு உரிமை கொடுக்கும் கடைசிச் சட்டம் வர 2003 ஆயிற்று.

கடைசித் தமிழ் ராஜாவுக்காக மார்தட்டுகிற கனவான்களில் எத்தனை பேருக்கு இந்த எண்கள் தெரியும் என்று கேட்கிறோம்.