நுண்ணுயிர்களுக்கும் எல்லை உண்டு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளநீருடன் வெளியேறிய எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களிலும் கருமை படிந்தது. இத்தகைய பேரிடர்களின்போது, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களே கறையை அகற்றிவிடும் என்ற நம்பிக்கை எழுவது இயல்பு. அது பொய்யல்ல, ஆனால், முழு உண்மையும் அல்ல.

கச்சா எண்ணெயின் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன்கள். கடலடியில் இயற்கையாகவே எண்ணெய் கசியும் இடங்கள் இருப்பதால், அதை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்களும் கடலில் உள்ளன. அவற்றுள் முக்கியமானது 'அல்கனிவோராக்ஸ்'. எண்ணெய் பரவிய இடத்தில் பல்கிப் பெருகும் இது, நீண்ட கார்பன் சங்கிலிகளை ஆக்சிஜனின் துணையுடன் கொழுப்பு அமிலங்களாக மாற்றிச் சிதைக்கிறது. ஆனால், வளர்ச்சிக்குத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் எண்ணெயிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை. நைட்ரஜன் குறைந்தால் பெருக்கம் தடைபடுகிறது. உண்டதில் ஒரு பகுதியை மெழுகாக உடலுக்குள் சேமித்துக்கொள்கிறது.

1989-இல் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' கப்பலிலிருந்து சுமார் 4 கோடி லிட்டர் எண்ணெய் கொட்டியபோது, கடற்கரைகளில் உரம் இடப்பட்டது. எண்ணெய்ச் சிதைவு வேகமெடுத்தது. எனினும், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் புதைந்த எண்ணெய், 20 ஆண்டுகளுக்குப் பிறகும் எஞ்சியிருந்தது.

எண்ணூருக்கான பாடம் இதில் இருக்கிறது. அலையாத்திக் காட்டுச் சேற்றின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் அரிது. அங்கே எண்ணெய் இறங்கிவிட்டால் பாக்டீரியாவின் பணி மிகவும் மந்தமாகிவிடும். நீரோட்டம் குறைந்த பகுதிகளில் உரத்தை மிகுதியாக இட்டால் பாசி பெருகும் ஆபத்தும் உண்டு.

ஆகவே, எண்ணெய் சேற்றை அடையும் முன் அதைத் தடுத்து அள்ளுவதே முதற்பணி. 2017-இல் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது வாளிகளால் எண்ணெய் அள்ளப்பட்டது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் மீனவர்கள் குவளைகளையும் வாளிகளையுமே நம்ப வேண்டியிருந்தது. மிதவைத் தடுப்புகளும் எண்ணெய் உறிஞ்சும் கருவிகளும் முகத்துவாரத்தின் அருகிலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆலை வளாகங்களின் எண்ணெய் மழைநீர் வடிகாலில் கலக்காமல் தடுப்பது அதனினும் அவசியம்.

எஞ்சிய கறையை நீக்க பாக்டீரியாக்கள் உதவும். நிர்வாகத்தின் அலட்சியத்தைச் சரிசெய்யும் பொறுப்பை அவற்றின் மீது சுமத்த முடியாது.