பறை செய்த பிழை என்ன?

உலக நாடுகள் ஒரு நாட்டை ஒதுக்கிவைத்தால் ஆங்கிலப் பத்திரிகைகள் அதனைப் 'பரையா நாடு' என்கின்றன. யூதர் ஒதுக்கப்பட்டு வாழ்ந்ததை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மக்ஸ் வெபர் கையாண்டதும் இச்சொல்லே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்ட தமிழ்ச்சொல் இது. உலகுக்குத் தமிழ் ஈந்த சொற்களென்று கட்டுமரத்தையும் சுருட்டையும் சொல்லிப் பூரிக்கும் நம் மேடைப் பேச்சாளர் இதனை மட்டும் விழுங்கிவிடுவர்!

சொல்லின் வேரில் இழிவு உண்டா? இல்லை. பறை தோற்கருவி. திணைகளின் கருப்பொருளை வகுத்த தொல்காப்பியர் தெய்வத்தையும் உணவையும் சொன்ன வரிசையிலேயே பறையையும் வைத்தார். பறைதல் என்றால் சொல்லுதல். "என்ன பறையிறாய்?" என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சு. அப்படிக் கேட்கும் வாய்க்குத் தீட்டில்லை. முழக்கிய கைக்கு மட்டும் தீட்டாம். சாவீட்டுக்குப் பறை வேண்டும். அடித்தவனுக்கோ முற்றமே எல்லை.

"பறையர் என்பது வெறுந் தொழிற்பெயர், அதில் இழிவு காண்பது உங்கள் கண்ணின் குற்றம்" என்று சமாதானம் உரைக்கும் பண்டிதர் உளர். அவர்தம் சொல்லாராய்ச்சி சரி, நியாயந்தான் பிழை. அப்பெயரை இழிவாக்கியது இலக்கணமன்று. கிணற்றடியும், தேநீர்க்கடையும், கோயில் வாயிலும் இழிவாக்கின. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. பதினொரு ஆண்டு கழிந்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்டோரை மறித்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் யார்? எழுத்தறியாப் பாமரரா? கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு கேட்டவர்: சி. சுந்தரலிங்கம். நாடு கேட்டவருக்கு, அந்நாட்டின் குடிகள் ஒரே வாயிலால் நுழைவது பொறுக்கவில்லை!

இன்னுமொன்று. கலவரக்காரன் 'பற தெமளா' என்று கூவினால் நமக்குக் குருதி கொதிக்கின்றது. சிங்களத்தில் அது அந்நியனைக் குறிக்கும் 'பர' என்பாரும் உண்டு. வேர் எதுவாயினும் ஆகுக. நம்மவர் காதில் விழுவது எந்தப் பறை? தமிழனை இகழ்ந்தானே என்று கொதிக்கின்றோமா? அன்றி, முற்றத்தில் நாம் நிறுத்திவைத்தவனோடு நம்மையும் ஒன்றாக எண்ணிவிட்டானே என்றா?