என்ன வேண்டும் என்று கேளுங்கள்



இந்த முறை என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் தங்கை மகனுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய் என்று விழுப்புரம் பக்கத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பெரிய கரடி பொம்மை ஒன்றும் கால் கிலோ பால்கோவாவும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நர்ஸ் வாசலிலேயே தடுத்துவிட்டார். மருந்தினால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் குழந்தைக்குக் கடைப் பண்டமும், தூசி அடையும் பஞ்சுப் பொம்மையும் ஆகாதாம். என் முகம் சுண்டிப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "இப்ப ஓடியாடி விளையாடுறான்க்கா. ரத்தத்திலே நோய் தெரியலேன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. ஊருக்கே போயிடலாம்னு அவரு சொல்றாரு" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. டாக்டரம்மா சொன்னதை நானும் கேட்டிருந்தேனே! குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இந்த வகையில், முதல் மாத மருந்திலேயே நோய் மறைந்தாற்போல் இருக்கும். ஆனால் ஒளிந்திருக்கும். இரண்டு, இரண்டரை வருஷம் விடாமல் வைத்தியம் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து எழுந்துவிடும். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும்.

"மருந்துக்குத்தான் காப்பீடு இருக்கே, அப்புறம் என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். அறை வாடகை, சாப்பாடு, போகவர சார்ஜ், வேலைக்குப் போகாததால் நின்றுபோன புருஷனின் கூலி. கடைசியில், "பெரியவளைப் பள்ளிக்கூடத்திலேருந்து நிறுத்திட்டோம்க்கா. ஆட்டைப் பார்த்துக்க ஆளில்லே" என்று சொல்லி அழுதாள். பல குடும்பங்களில் வைத்தியம் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

எங்கள் தெருப் பெண்களிடம் சொன்னேன். "நாலு பொம்பளைங்க சேர்ந்து என்ன செஞ்சிட முடியும்?" என்றாள் ஒருத்தி. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டித்தானே 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார் என்றேன். எட்டுப் பேர் சேர்ந்தோம். மாதம் ஆளுக்கு முந்நூறு ரூபாய். ஒருத்தி வாடகையைக் கவனித்தாள். இன்னொருத்தி, புற்றுநோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு என்று விசாரித்து, டாக்டரிடம் சான்றிதழ் வாங்கித் தந்தாள். ரத்தத் தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது என்பதால், கல்லூரி போகும் பிள்ளைகள் முறைபோட்டு தானம் செய்தார்கள்.

பதினாலு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு வருஷம் பாக்கி. எட்டுப் பேரில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஆறு பேர் இழுத்துக்கொண்டு போகிறோம். அக்காள்காரி மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். அந்தக் கரடி பொம்மை இப்போது அவளிடம்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், ஒரு நாள் போய்க் கண்ணீர் விட்டு ஆயிரம் ரூபாயை நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அது ஒட்டுவாரொட்டி நோயும் அல்ல, ஒதுங்கியும் போகாதீர்கள். "என்னம்மா வேணும்?" என்று கேளுங்கள். முடிந்ததை மாதா மாதம் கொடுங்கள். வைத்தியம் முடியும் வரை கொடுங்கள்.